ஏழாவது கேள்விக்கு ஒன்பது பதில்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, சந்திராவின் லேப்டாப் திரையில் ஒன்பது பெயர்கள் சிவப்பாக எரிந்தன.

ரிஃப்ரெஷ் அழுத்தினாள். சிவப்பு. வைஃபையை அணைத்துப் போட்டாள். அதே சிவப்பு.

"என்ன மேடம், உங்க மிஷின் யாரையோ கடிச்சிருக்கு போலருக்கு?"

பின்னால் மாணிக்கவேல். இயற்பியல் துறையின் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் துண்டுகள், அவற்றின் மாவு பேனா மூடியிலும் மூக்குக் கண்ணாடியிலும். முப்பது வருடமாகக் கரும்பலகையோடு குடித்தனம் நடத்துபவர்.

"ஒம்பது பேர் சார். செகண்ட் இயர். ஒம்பதும் கிளிஞ்சல்மேட்டு மீனவப் புள்ளைங்க."

அவர் குனிந்து பார்த்தார். படிக்கப் படிக்க முகத்தில் இருந்த கிண்டல் கரைந்துபோனது.

இந்தப் பருவத்தில்தான் சந்திரா தன் வெப்பவியல் பாடத்தைத் தலைகீழாகப் புரட்டியிருந்தாள். பாடம் வீட்டில், பன்னிரண்டு நிமிட வீடியோவாக. கணக்கும் சண்டையும் வகுப்பில். அவள் லெக்சர் எடுத்த நாட்களில் பின் பெஞ்சு தூங்கும். இப்போது அதே பின் பெஞ்சு எழுந்து நின்று வாதாடியது. வீடியோ பார்த்தார்களா இல்லையா என்று கணக்கு வைக்க ஒரு மென்பொருள். ஒரு வீடியோ பார்த்தால் ஒரு மணி நேர வருகைப் பதிவு. பார்க்கவில்லையென்றால் இல்லை. அந்த விதியை எழுதியவள் சந்திரா. கையெழுத்திட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியவளும் அவள்தான்.

பருவம் முடிந்து மொத்த அறிக்கையை இன்றுதான் எடுத்தாள். அறிக்கை சொன்னது இதுதான்: எட்டு பேர் ஒரு வீடியோவைக்கூடத் திறக்கவில்லை. ஒன்பதாவது ஆள் முத்தமிழ். அவள் போனில் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறது. 'கேட்பாரற்று ஓடியது, செல்லாது' என்று மென்பொருள் முத்திரை குத்திவிட்டது. ஆனால் ஒன்பது பேரும் வீடியோவுக்குப் பின்னான குவிஸை அவரவர் போனில் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் குவிஸில் ஒன்பது பேருக்கும் பத்துக்கு ஒன்பது.

ஒன்பது பேரும் தவறவிட்டது ஒரே கேள்வி. ஏழாவது. ஒன்பது பேரும் டிக் செய்தது ஒரே தவறான விடை.

"காப்பி," என்றார் மாணிக்கவேல். "சந்தேகமே இல்ல. ஒருத்தன் எழுதி ஒம்பது போனுக்கும் தட்டி விட்டிருக்கான்."

"வகுப்புல நல்லா பேசுறவங்க சார் இவங்க. மத்தவங்கள விட நல்லா."

"வாயி பேசும் மேடம். அட்டெண்டன்ஸ் பேசலையே. நாலு மணிக்கு யுனிவர்சிட்டி போர்ட்டல் மூடுது. பரீட்சை எழுத முடியாதவங்க லிஸ்ட் அதுக்குள்ள ஏறணும். ஏறிட்டா ஒரு வருஷம் போச்சு."

"ஏத்தாம விட்டா?"

"நாளைக்கே எவனாவது ஆர்டிஐ போடுவான். உங்க விதி, உங்க ரிப்போர்ட்டு. நீங்கதான் பதில் சொல்லணும்." சற்று நிறுத்தினார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் எழுத்துல விளக்கம் வாங்கிட்டு வாங்க. பாக்கலாம்."

படிப்பு விடுமுறை. மாணவர்கள் கல்லூரியில் இல்லை. முத்தமிழுக்கு போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சிலம்பரசனுக்குப் போட்டாள். எடுத்தான், பின்னணியில் ஒரே கூச்சல்.

"மேம்? சத்தமா இருக்கு மேம், அப்புறம் கூப்புடுறேன் மேம்!"

வைத்துவிட்டான்.

பதினொன்றே காலுக்குச் சந்திரா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

நெடுங்காடு ஊரின் வயல்காட்டில் பிறந்தவள் அவள். கடற்கரைக் கிராமங்களுக்குள் கல்யாணப் பத்திரிகை வைப்பதைத் தவிர வேறெதற்கும் போனதில்லை. அக்டோபர் கடைசி, வானம் சாம்பல் பூத்திருந்தது. கிளிஞ்சல்மேட்டில் வழி கேட்க, வலை பின்னும் கூடத்தின் முன் ஸ்கூட்டரை நிறுத்தியபோது உள்ளிருந்து வந்த முதல் குரல் அவளை உறைய வைத்தது.

அது அவள் குரல்.

"...ஆக, உருகும்போது வெப்பநிலை மாறாது. கவனியுங்க, வெப்பம் உள்ளே போய்க்கிட்டே இருக்கும், ஆனா..."

"நிறுத்துடீ! அங்கதான், அங்கதான்!"

குரல் நின்றது. சந்திரா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கிரிக்கெட் பார்க்க ஊர்ப் பஞ்சாயத்து வாங்கி மாட்டிய பெரிய டிவியில் அவளுடைய முகம், வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. கீழே பாயில் எட்டு பேர். ஓரத்தில் நான்கு ஆண்கள் வலையைத் தொடையில் போட்டுக்கொண்டு பின்னியபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம், மீன் விற்றுத் திரும்பிய ஒரு பெண்மணி காலி அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வெப்பம் உள்ள போவுதாம், சூடு ஏறலையாம். அப்ப எங்கடா போவுது அது?" என்றார் வலை பின்னிய ஒருவர்.

"அதைத்தாண்ணே மேம் சொல்றாங்க. கட்டிய ஒடைக்குற வேலைக்குப் போவுது. உள்ளுக்குள்ள புடிச்சிக்கிட்டிருக்குல்ல, அந்தப் புடிய விடுவிக்க."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரமும் நீங்க இதையேதான் கேட்டீங்க!"

சிரிப்பு. அன்னக்கூடைப் பெண்மணி தலையைச் சாய்த்தாள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லுது. ஆனா கைய ஏன் இப்புடி பெசைஞ்சிக்கிட்டே இருக்கு? பயமா?"

சந்திரா தன்னை அறியாமல் கைகளைப் பிரித்துக்கொண்டாள். உள்ளே நுழைந்தாள்.

கூடம் ஒரு நொடியில் அடங்கியது. எட்டு பேரும் எழுந்தார்கள். முத்தமிழ் ரிமோட்டைப் பின்னால் மறைத்தாள், ஏதோ களவு செய்ததுபோல.

"அட! டிவியில குண்டா தெரியிறீங்க டீச்சரம்மா," என்றாள் அந்தப் பெண்மணி. "நேர்ல ஒல்லியாத்தான் இருக்கீங்க. நான் குஞ்சம்மா. மணிவேலோட அம்மா."

சந்திராவுக்கு அதற்கு மேல் நாகரிகம் பார்க்க நேரமில்லை. "எத்தனை நாளா இப்படிப் பாக்குறீங்க?"

"மொத வீடியோலேர்ந்து மேம்," என்றான் சிலம்பரசன். உயரமானவன், பேச்சுக்கு முன்னால் நிற்பவன். "சாயங்காலம் ஆறு மணிக்கு. இது ரிவிஷன்."

"அப்ப ஏன் உங்க போன்ல ஒண்ணுமே பதிவாகலை? முத்தமிழத் தவிர எட்டு பேருக்கும் முட்டை!"

எட்டு முகங்களிலும் உண்மையான குழப்பம்.

"முத்தமிழ் போன்ல போட்டோமே மேம்."

"உங்க போன்ல நீங்க போடணும்னு நோட்டீஸ் ஒட்டினேனா இல்லையா?"

"அது... பாக்கணும்னுதான் மேம் நெனச்சோம்." சிலம்பரசன் தலையைச் சொறிந்தான். "ஒம்பது பேரு சாப்புடுறதுக்கு ஒம்பது போட்டா கடல்ல எறக்குவாங்க? ஒரு போட்டு போனா போதும், பங்கு எல்லாருக்கும்தான். அன்னிக்குக் காய்ச்சல்னு கரையில கெடந்தவனுக்கும் பங்கு உண்டு. ஊரு வழக்கம் அது. அந்த மாதிரி நெனச்சிட்டோம்."

"அப்ப குவிஸ்?"

"அதுல பேரு இருக்குல்ல மேம். அது அவங்கவங்க போன்ல."

சந்திரா பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நாற்பது நிமிடம். கேட்பாரற்று ஓடவில்லை. நிறுத்தி, சண்டை போட்டு, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி. அவள் எந்த வகுப்பறையில் இவ்வளவு நேரம் கேட்கப்பட்டிருக்கிறாள்? மற்ற இருபத்தொன்பது மாணவர்களில் எத்தனை பேர் வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பல் விளக்கப் போனார்களோ! அவர்களுக்கெல்லாம் பச்சை.

விஷயத்தைச் சொன்னாள். நாலு மணி. பட்டியல். ஒரு வருடம்.

பூங்கொடி என்ற பெண் அழத் தொடங்கினாள். முத்தமிழ் அழவில்லை, பேப்பரைக் கிழித்து எட்டு பேருக்கும் கொடுத்தாள். "எழுதுங்கடா. அழுறத ஆட்டோல வெச்சிக்கலாம்."

"எட்டா?" சந்திரா எண்ணிப் பார்த்தாள். "மணிவேல் எங்க?"

எட்டு பேரும் பேப்பரில் குனிந்துகொண்டார்கள்.

"போட்டு இப்பதான் கரை புடிச்சிருக்கு மேம்," என்றான் சிலம்பரசன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வந்துருவான்."

குஞ்சம்மா அன்னக்கூடையை நிமிர்த்திக்கொண்டு எழுந்தாள். சிரிப்பைக் காணோம். "நானே கூட்டியாறேன். நானும் வரேன் காலேஜுக்கு."

கல்லூரியில் மாணிக்கவேல் ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு இரண்டே முக்காலுக்குத்தான் வெளியே வந்தார். விளக்கக் கடிதங்களைப் படித்தார். சந்திரா சொன்னதைக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லாருக்கு மேடம். கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா கூட்டமா உக்காந்து பாத்தவங்க கூட்டமா காப்பியும் அடிச்சிருக்கலாமே? ஒம்பது பேரும் ஒரே தப்பு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

சந்திரா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் ஏழாவது கேள்வியை உரக்கப் படித்தார். ஒரே எடை, ஒரே வெப்பநிலை. ஒன்று கட்டி ஐஸ், மற்றது தூள் ஐஸ். முழுவதும் உருக எதற்கு அதிக வெப்பம் வேண்டும்? சரியான விடை: இரண்டுக்கும் ஒரே அளவு. ஒன்பது பேரும் போட்டது: கட்டி ஐஸுக்கு.

அவர் கண்ணில் மெல்ல ஒரு வெளிச்சம். "எங்க அவங்க?"

"கீழ, லோடு ஆட்டோல வந்து நிக்கிறாங்க சார்."

"ஒவ்வொருத்தரா அனுப்புங்க. வெளிய வந்தவங்க உள்ள போறவங்ககிட்ட பேசக் கூடாது. லைப்ரரிக்கு அனுப்பிடுங்க. ஒரே ஒரு கேள்விதான். ஏன் அந்த விடையப் போட்டேன்னு. காப்பி அடிச்சவனுக்கு விடை தெரியும் மேடம். காரணம் தெரியாது. கேட்டா எல்லாரும் ஒரே காரணத்த ஒப்பிப்பாங்க, இல்லன்னா முழிப்பாங்க."

மணி இரண்டு ஐம்பத்தைந்து.

முத்தமிழ் முதலில். "மெல்லிசு சுள்ளி படபடன்னு எரிஞ்சிடும் சார். கட்டை விறகு நின்னு எரியும். ஐஸும் அப்படித்தானேன்னு நெனச்சேன்."

சிலம்பரசன். "மூணு நாள் தங்குற போட்டுக்குக் கட்டி ஐஸ்தான் சார் ஏத்துவாங்க. தாங்குதுன்னா அதிகமா வெப்பம் குடிக்குதுன்னுதானே அர்த்தம்?"

பூங்கொடி. "நடுக்கட்டிக்கு வெப்பம் போக வழி இல்ல சார். உள்ள நொழையவே தனியா கொஞ்சம் செலவாகுமே."

ஒருவன் பரிதாபமாகச் சொன்னான்: "எனக்குத் தூளுன்னுதான் சார் தோணுச்சு. வீடியோ பாக்குறப்பவே ஒரு மணி நேரம் சண்ட போட்டேன். தோத்துட்டேன்."

கலைவாணன் என்ற குள்ளமான பையன் உள்ளே வந்து யோசித்து யோசித்துப் பேசினான். "தூளாக்குறதுக்கு நாம சுத்தியலால அடிக்கிறோம்ல சார்? அந்த அடியிலயே கொஞ்சம் வேலை முடிஞ்சிடுது. கொஞ்சம் புடி விட்டுடுது. அப்ப மிச்ச வேலைக்குக் கம்மி வெப்பம் போதும்ல?"

மாணிக்கவேல் நாற்காலியில் நிமிர்ந்தார். அவன் போனதும் சந்திராவின் பக்கம் திரும்பினார். "மேடம், இவன் சொல்றது அணு அளவுக்கு உண்மை. ஒடைச்ச பரப்புல அந்த ஆற்றல் இருக்கு. அளக்க முடியாத அளவு கொஞ்சம்தான், ஆனா இருக்கு. எம்.எஸ்சி.ல கேட்டாக்கூட எவனும் இதச் சொல்ல மாட்டான்!"

எட்டு பேர் முடிந்தது. எட்டு பேரும் தவறு. எட்டும் எட்டு விதம். தினமும் ஐஸைப் பார்த்து வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்பதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். காப்பி அடித்தவர்கள் இப்படிப் பலவிதமாகத் தவறு செய்ய முடியாது. சந்திராவுக்கு மூச்சு வந்தது.

மூன்று முப்பத்தொன்று. ஒன்பதாவது ஆள்.

மணிவேல் வாசலில் நின்றான். லுங்கியை மாற்றி பேண்ட் போட்டிருந்தான், ஆனால் தலைமுடியில் உப்பு காய்ந்திருந்தது. உள்ளங்கைகள் கயிறு உராய்ந்து சிவந்திருந்தன.

"ஏழாவது கேள்வி, தம்பி. கட்டி ஐஸா, தூள் ஐஸா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

மாணிக்கவேலின் பேனா நின்றது. "என்ன?"

"ஒரே எடைன்னா ஒண்ணுதான் சார். தூளாப் போட்டா மீன சட்டுனு குளுர வெச்சிட்டு சட்டுனு தீந்துரும். கட்டி மெதுவா குளுர வெச்சி மெதுவா தீரும். ஆனா ஐஸு தீந்தப்ப பாத்தா, குளுந்த மீனு ரெண்டு பொட்டிலயும் அதே அளவுதான். ஒரு மாசமா நாந்தான் சார் ஐஸ்பொட்டி பாக்குறேன்."

சந்திரா புன்னகைக்கப் போனாள். பாதியில் நின்றது. மாணிக்கவேல் கேட்டுவிட்டார்.

"அருமையான பதில். அப்ப குவிஸ்ல ஏன் கட்டின்னு டிக் அடிச்ச?"

மணிவேல் தரையைப் பார்த்தான். "நான் அடிக்கல சார்."

"பின்ன?"

"யாருன்னு கேக்காதீங்க சார். கடைசி நாலு வீடியோவும் நான் பாக்கல. அப்பாவுக்கு முதுகுல அடி. போட்டுல அவரு எடத்துல நான் ஏறுறேன். விடியக்காலம் ரெண்டரை மணிக்குக் கடல்ல எறங்குனா திரும்ப மத்தியானம் ஆயிடும். சாயங்காலம் கண்ணு நிக்காது. என் பேர லிஸ்ட்ல போட்டுக்குங்க சார். மத்தவங்க நெசமாவே பாத்தாங்க."

கதவு படாரென்று திறந்தது. சிலம்பரசன். லைப்ரரியில் இருக்க வேண்டியவன் கதவுக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நாந்தான் சார் அவன் போன்ல எழுதினேன். காய்ச்சல்ல கெடந்தாக்கூட பங்கு உண்டுல்ல சார், இவன் வேலைக்குப் போயிருக்கான். நாலு குவிஸும் நாந்தான்."

"படிப்புல பங்கு கெடையாதுடா," என்றாள் சந்திரா. கோபத்தில் குரல் உயர்ந்தது. "அவன் தலையில ஏறாதத நீ எப்படிப் பங்கு வெப்பே? அவனே எழுதியிருந்தா பத்துக்குப் பத்து!"

சிலம்பரசன் வாயைத் திறந்தான். மூடினான். "ஆமால்ல," என்றான் சின்னக் குரலில். "என்னால போச்சு அவனுக்கு ஒரு மார்க்கு."

மாணிக்கவேல் இருமலில் சிரிப்பை ஒளித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்திரண்டு.

"மேடம், மொதல்ல எட்டு பேர முடிங்க. விதிய எழுதினவங்க நீங்க. நீங்கதான் மாத்தணும். ஆனா யோசிச்சுக்குங்க. இத எழுத்துல குடுத்தா, உங்க திட்டத்துல ஓட்டைன்னு நாளைக்கு கவுன்சில்ல நாலு பேரு பேசுவாங்க."

சந்திரா பேப்பரை இழுத்தாள். 'மாணவர்கள் கூடி ஒரே போனில் பார்ப்பார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எட்டு பேரும் எல்லா வீடியோக்களையும் பார்த்தது விசாரணையில் உறுதியானது. தவறு என் விதியில் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த தாளில், சிலம்பரசனுக்குக் கடைசி நான்கு குவிஸிலும் பூஜ்யம் என்று எழுதி அதிலும் கையெழுத்துப் போட்டாள். அவன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

"மணிவேல்?" என்றாள்.

"நாலு வீடியோவும் ஒரு மாச வகுப்பும் போனா அவன் அறுபத்தெட்டு சதவீதத்துல நிக்கிறான்," என்றார் மாணிக்கவேல், கால்குலேட்டரைத் தட்டியபடி. "வேண்டியது எழுபத்தஞ்சு. ஆனா அறுபத்தஞ்சுக்கு மேல இருந்தா, குடும்பக் காரணம் காட்டி விலக்கு தர துறைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. பெத்தவங்க கையெழுத்தும் ஆஸ்பத்திரிச் சீட்டும் வேணும். இன்னும் பதினாறு நிமிஷம். வீட்டுக்குப் போயிட்டு வர முடியாது."

"வீட்டுக்கு ஏன் போவணும்?"

வாசலில் குஞ்சம்மா. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து நீட்டினாள். உள்ளே அரசு மருத்துவமனைச் சீட்டு, எட்டாக மடித்து. "காலைலயே தெரியும் டீச்சரம்மா, இவன் பேச்சு எங்க போயி நிக்கும்னு. அப்பன் முதுகுன்னா புள்ள படிப்ப வுட்டுரணுமா? நான் சொன்னா கேக்கல. நீங்க சொல்லுங்க."

விண்ணப்பத்தில் அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, அழுத்தி, கையெழுத்துப் போட்டாள். சந்திரா கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தொன்று. ஸ்கேனர் சூடாக ஒரு யுகம். மூன்று ஐம்பத்தைந்து. போர்ட்டலில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

மூன்று ஐம்பத்தெட்டு. 'தேர்வெழுதத் தகுதியற்றோர்: இல்லை.'

யாரோ கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் வராந்தா முழுக்க லைப்ரரியில் இருக்க வேண்டியவர்கள்.

"சந்தோஷப்பட்டது போதும்," என்றார் மாணிக்கவேல். "விலக்கு சும்மா இல்ல. மணிவேல் பத்து நாளுக்குள்ள அந்த நாலு வீடியோவயும் பாத்து, என்கிட்ட வந்து வாய்மொழியா பதில் சொல்லணும். இல்லன்னா ஹால் டிக்கெட்டு என் மேஜையிலயே இருக்கும்."

மணிவேலின் முகம் வாடியது. "நாளைக்கும் போட்டு போவுது சார்."

"போவட்டும்," என்றாள் முத்தமிழ். "நீ ஏறாத. நாங்க ஒரு நாளைக்கு ஒருத்தரா ஏறுறோம்."

"நீ ஏறுவியாடீ?" என்றான் மணிவேல்.

"நான் ஏறமாட்டேன். ஒனக்குப் பாடம் எடுப்பேன். அது அதவிடக் கஷ்டம்."

"நாளைக்கு நானு!" என்று சிலம்பரசன் கையைத் தூக்கினான்.

குஞ்சம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டா, என் புருஷன் எடத்துல யாரு ஏறணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கிறீங்களா? சிலம்பு, ஒனக்கு அலைய பாத்தாலே வாந்தி வரும். போன தடவ ஐஸ்பொட்டி மேலயே எடுத்த. நீ கரையில வலை இழு." கூட்டத்தின் மேல் கண்ணை ஓட்டினாள். விரல் கலைவாணன் மேல் நின்றது. "நீ வா நாளைக்கு. ரெண்டரைக்குக் கரையில நிக்கணும். போட்டு ஓட்டுற தலைவர் ஒருத்தனுக்காகவும் காத்திருக்க மாட்டாரு."

"சரி அத்த," என்றான் கலைவாணன். பிறகு தயங்கிச் சந்திராவிடம் திரும்பினான். "மேம், ரெண்டரைக்கு ஏறணும்னா இப்பவே போயித் தூங்கணும். அஞ்சாவது யூனிட் டவுட்ட நாளைக்கு மத்தியானம் கேக்கட்டுமா?"

"எங்க இருப்ப?"

"ஏலக் கொட்டாய்ல மேம். மீன எறக்கிட்டு."

"வரேன்," என்றாள் சந்திரா.